கண் மூடும் ஐந்து நிமிடம்

யின்ஹுவா உட்கார்ந்த ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவில், கடைசி வரிசைக்கும் பின்னால், துடைப்ப அலமாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் அது கிடந்தது. மகள் தோங்தோங்கை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து இரண்டரை வருடமாகக் காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை அவளுடைய இருப்பு அதில்தான்.

தோங்தோங் மூச்சு முட்டிப் பிறந்தவள். கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்ளும். வாக்கரைப் பிடித்தால் நடப்பாள். வலது கை நடுங்கும். பேச்சு மெதுவாக வரும், வந்தால் முழுசாக வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. சேர்க்கப் போன அன்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: "சேர்த்துக்கறோம். ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும். தூக்கறதுக்கும் பிடிக்கறதுக்கும் எங்ககிட்ட ஆள் இல்ல." யின்ஹுவா அப்போது ஹான் ஆற்றங்கரைச் சந்தையில் தள்ளுவண்டி போட்டுக் குளிர்ந்த அரிசி நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தாள். மறுநாளே வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பெத்தவ மனசு வேற யாருக்கு வரும்" என்று தெருவில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவளும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஸ்டூலில் உட்கார அவளுக்கு ஆசையாக இருந்தது.

மலைமேல் இருந்த அவள் ஊரில், மூன்றாம் வகுப்பு பாதியில் அப்பா அவளை நிறுத்தினார். அந்த வருடம் தம்பியைச் சேர்க்க வேண்டியிருந்தது. "ரெண்டு பேரும் போயிட்டா பன்றிக்கு யாரு புல் அறுக்கறது?" என்றார். மறுநாள் அவள் முதுகில் பை இருந்த இடத்தில் கூடை ஏறியது. பை தம்பியின் முதுகுக்குப் போனது. அதன் மூடியில் அவள் சிவப்பு நூலால் தைத்த பூ இருந்தது. தம்பி படித்துக் கிழித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இப்போது லாரி ஓட்டுகிறான். நல்லவன்தான். புத்தாண்டுக்கு வந்தால் அக்காவுக்கென்று உப்புக்கறி கொண்டுவருவான். ஆனாலும் அந்தப் பையை நினைத்தால் யின்ஹுவாவுக்கு முப்பத்தாறு வயதிலும் வயிறு எரிந்தது.

அதனால் அவள் மகளோடு சேர்ந்து ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தாள். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினாள். வகுப்பாசிரியை பான் டீச்சர் பரீட்சைத் தாள் விநியோகிக்கும்போது ஒன்றிரண்டு மிஞ்சும். அது பின்வரிசை வரை வந்து அவள் கையில் நின்றுவிடும். பான் டீச்சருக்கு அது தெரியுமோ என்னவோ, தாளைத் திருப்பிக் கேட்டதே இல்லை.

அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் லீலீ. உயரமான பெண் என்பதால் கடைசி வரிசை. சொல்வதெழுதல் நடக்கும்போது லீலீயின் தலை மெதுவாகப் பின்னால் சாயும்.

"அத்தை, கையைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்."

"ஏன்?"

"மூணாவது சொல்லு தெரியல."

"எனக்கே அது சந்தேகம்தான்டி."

"பரவாயில்ல, நீங்க எழுதினா பாதி சரியா இருக்கும். நான் எழுதினா அதுவும் இருக்காது."

கடந்த குளிர்காலத்தில் பான் டீச்சர் ஒரு வட்டமான ரொட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து நாலாக வெட்டிப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். யின்ஹுவா நின்றுபோன இடத்தைத் தாண்டி வந்த முதல் பாடம் அது. பதினைந்து வருடம் ரொட்டியையும் நூடுல்ஸையும் வெட்டியவளுக்கு, நாலில் ஒன்று என்பதை அப்படி எழுதலாம் என்று அன்றுதான் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளுக்குப் புது நாள். இனி வருவதெல்லாம் அவள் வாழ்நாளில் கேட்காதது. அடுத்த பாடம் பரப்பளவு என்று புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் லுவோ டீச்சர் வந்து சேர்ந்தாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பான் டீச்சர் யின்ஹுவாவை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டாள். பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் துணிப்பை, காலில் வெள்ளைக் காலணி.

"தோங்தோங் அம்மா, இவங்க லுவோ டீச்சர். தோங்தோங் மாதிரி பிள்ளைங்களுக்குன்னே காலேஜ்ல நாலு வருஷம் படிச்சவங்க. திங்கட்கிழமைலேர்ந்து அவ கூட இருப்பாங்க. உங்களுக்கு விடுதலை! இனிமே நிம்மதியா வண்டி போடலாம்."

யின்ஹுவா, "ஸ்டூலு?" என்றாள்.

"எந்த ஸ்டூலு?"

"ஒண்ணுமில்ல."

லுவோ டீச்சர் இரண்டு கையாலும் ஒரு தாளை நீட்டினாள். "தோங்தோங் அம்மா, படிச்சிட்டு வந்திருக்கேனே தவிர அவளை எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு, நடை, கழிப்பறை, எதுக்குப் பயப்படுவா, எல்லாம் இதுல எழுதித் தாங்க. ஒண்ணும் விடாம."

மரியாதையான பேச்சு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் யின்ஹுவாவுக்குத் தாங்கவில்லை. நாலு வருடம் படித்திருக்கிறாளாம். என் பிள்ளையைப் பற்றிப் படிக்க ஒரு காலேஜ், அதில் இவளுக்கு ஓர் இடம். நான் ஒன்பது வருடம் தூக்கிச் சுமந்து கற்றதை ஒரு தாளில் எழுதி இவள் கையில் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை கணவனிடமிருந்து போன் வந்தது. தேஷுன் சியான் நகரத்தில் லிஃப்ட் பொருத்தும் வேலையில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குதித்தான்.

"நல்ல சேதியாச்சே! அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"யாரோ செத்த மாதிரி. முதுகு போச்சு, இடுப்பு போச்சுன்னு ரெண்டரை வருஷமா என் காதை அறுத்தது நீதானே?"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்கூட ஆகல. பிள்ளை வளர்க்கறது அவளுக்கு என்ன தெரியும்?"

"லிஃப்ட்டு வீட்டுல நாம இருக்கோமா? இருந்தும் நான் பொருத்தலையா? போடி, போய் நூடுல்ஸ் மாவைக் கரை."

போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். சாப்பாடு: காரம் கொஞ்சமாக, நூடுல்ஸைத் துண்டாக நறுக்கித் தரவேண்டும். நடை: படியில் இடது பக்கம் நிற்க வேண்டும். பயம்: பலூன் வெடிக்கும் சத்தம். எல்லாம் ஒழுங்காக எழுதினாள். கழிப்பறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரு ரகசியம். பள்ளிக்கூடக் கழிப்பறை குந்தி உட்காரும் வகை. தடுப்புச் சுவர் உண்டு, கதவு கிடையாது. இடைவேளையில் பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். தோங்தோங்கால் தானாகக் குந்த முடியாது, இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தாங்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் வரிசையில் நின்ற யாரோ எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் இடைவேளையில் போவதில்லை. யார் கேட்டாலும் தலையை ஆட்டுவாள்.

யின்ஹுவா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் இசை வரும். கண் பயிற்சி. பள்ளிக்கூடம் முழுதும் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று குரல் எண்ண எண்ண, விரலால் கண்ணைச் சுற்றி அழுத்த வேண்டும். கண்ணைத் திறந்தால் மேல்வகுப்புப் பிள்ளைகள் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்து பார்த்து, வகுப்பின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் வகுப்பில் யார் கண்ணும் திறந்திருக்காது, கழிப்பறையில் வரிசையும் இருக்காது. இசை தொடங்கியதும் யின்ஹுவா எழுந்து மகளின் முதுகைத் தொடுவாள். வாக்கரின் நாலு காலுக்கும் பழைய காலுறையைக் கட்டியிருந்தாள், சத்தம் வராது. வராந்தாவில் போய், முடித்து, கைகழுவித் திரும்பி வந்து உட்காரும்போது குரல் கடைசி எண்ணிக்கையில் இருக்கும். யாருக்கும் தெரியாது. இரண்டரை வருடம் இப்படித்தான் போனது.

இதை எழுதிக் கொடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

கட்டத்தில் எழுதினாள்: "அவளே சொல்லுவாள்."

திங்கட்கிழமை மகளை வாசலில் விட்டாள். லுவோ டீச்சர் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். யின்ஹுவா போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பின்பக்கச் சந்துக்கு வந்து மதிலோரம் நின்றாள். சந்து மேடான இடம், அங்கிருந்து பார்த்தால் இரண்டாம் மாடி வராந்தாவும் ஜன்னல் வழியே வகுப்பின் உட்புறமும் தெரியும். தோங்தோங் இரண்டாவது வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லுவோ டீச்சருக்கு நாற்காலி. முதுகு சாயும் நாற்காலி.

இரண்டரை வருடம் தோங்தோங் கடைசி வரிசையில், துடைப்ப அலமாரியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு இடம் அங்கே என்பதால் மகளுக்கும் இடம் அங்கே. கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை இரண்டொரு முறை சொன்னதுண்டு. "நான் பார்த்துச் சொல்றேன்" என்பாள் யின்ஹுவா. முன்னால் போய் உட்காரவேண்டும் என்று கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. வந்த அன்றே லுவோ டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தோங்தோங்குக்கு ஒரே பேச்சு. "லுவோ டீச்சர் சொன்னாங்க, நான் கையைத் தூக்க நேரமானாலும் பான் டீச்சர் காத்திருக்கணும்னு. லுவோ டீச்சர் என் பென்சிலுக்கு ரப்பர் சுத்திக் கொடுத்தாங்க. லுவோ டீச்சர் தலையில மீன் மாதிரி ஒரு கிளிப்பு."

"மீன் கிளிப்பு மாட்டினா படிப்பு வந்துடுமா?"

"நீங்க ஏன்மா கோவமா இருக்கீங்க?"

"யாரு கோவமா இருக்கா? தண்ணி வேணுமா?"

பையிலிருந்து புட்டியை எடுத்தாள். கனத்தது. காலையில் நிரப்பித் தந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

யின்ஹுவாவுக்குக் காரணம் உடனே புரிந்தது. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும். போகவேண்டி வந்தால் இடைவேளை வரிசை. பிள்ளை தானாகவே குடிப்பதை நிறுத்திவிட்டது. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. பாவத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நாலு வருடம் படித்தவளுக்கு ஒரு புட்டித் தண்ணீர் குடிக்க வைக்கத் தெரியவில்லையே என்று ஒரு குளிர்ச்சி. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் புட்டி கனத்தது. புதன்கிழமையும் கனத்தது. தோங்தோங்கின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் குழாயில் வாய்வைத்துக் குடித்தாள்.

"லுவோ டீச்சர் உன்னைக் கழிப்பறைக்குக் கூப்பிடலையா?"

"எல்லா இடைவேளையிலும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு தலையாட்டினேன்." பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அவங்ககிட்ட சொல்லலையாம்மா? இசை நேரத்தை?"

"நீயே சொல்லேன்."

"எனக்கு வெட்கமா இருக்கு."

சொல்கிறேன் என்று யின்ஹுவா அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அந்த உதட்டைப் பார்த்துச் சகிக்காமல், ஒரு பெரிய கிண்ணம் சோயாப்பால் சூடாக ஊற்றிக் கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தாள். அவ்வளவு இரக்கம்தான் அவளுக்கு வந்தது. அது வந்த இடமும் தப்பு.

பதினொரு மணிக்குப் பான் டீச்சரிடமிருந்து போன் வந்தது. மாற்று உடை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

மூன்றாம் பாடவேளையில், வகுப்பு சத்தமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது. நாற்காலியிலிருந்து தரையில் சொட்டியது. இரண்டாவது வரிசை, நட்டநடு, ஆகவே நாலு பக்கத்துக் கண்ணுக்கும் தெரிந்தது. யின்ஹுவா போனபோது தோங்தோங் மருத்துவ அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். லுவோ டீச்சரின் மேல்சட்டை அவள் இடுப்பில் சுற்றியிருந்தது. லுவோ டீச்சர் வெளியே நின்றாள். கண் சிவந்திருந்தது. "என் தப்பு, தோங்தோங் அம்மா. நான்தான் கவனிக்கல" என்று குனிந்தாள்.

யின்ஹுவா அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

மாலையில் பான் டீச்சர் மறுபடியும் கூப்பிட்டாள். "தலைமையாசிரியர் பேசினார். லுவோ டீச்சர் எல்லாம் தன் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. பெற்றோர் குழுவுல வேற ரெண்டு பேர், இப்படிப்பட்ட பிள்ளையை நகரத்துல தனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினா என்னன்னு கேட்கறாங்க. அதைப் பெருசாக்க வேண்டாம். நாளைலேர்ந்து பழையபடி நீங்களே வந்து உட்காருங்க. லுவோ டீச்சரை வேற பள்ளிக்கு மாத்திடுவாங்க."

யின்ஹுவா போனை வைத்தாள். கேட்காமலே கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பரப்பளவுப் பாடம். அவள் இருப்பாள். அந்த மீன் கிளிப்பு இருக்காது.

தோங்தோங் கட்டிலில் போர்வைக்குள் கிடந்தாள்.

"நாளைலேர்ந்து அம்மா வர்றேன்டி உன்கூட."

போர்வை இன்னும் இறுகியது.

"சந்தோஷம் இல்லையா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்போ நான் திரும்பவும் பின்னாடி வரிசையா?"

யின்ஹுவா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னாலதான் டீச்சருக்குக் கெட்ட பேரு. அடக்கிக்கத் தெரியல எனக்கு. அவங்க தரையைத் துடைக்கும்போது யாரையும் பார்க்கவிடாம குறுக்கே நின்னுக்கிட்டாங்க. அப்புறம் அவங்க அழுதாங்க, எனக்குத் தெரியாம."

யின்ஹுவா விளக்கை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். தம்பியின் நினைப்பு வந்தது. பை போனதற்குத் தம்பி காரணமில்லை. ஆறு வயதுப் பிள்ளை, கொடுத்ததை மாட்டிக்கொண்டு போனான். பிடுங்கியது வேறு கை. இன்றைக்கு அந்தக் கை யாருடையது என்று யோசித்தபோது அவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஸ்டூல் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய இடத்துக்கு வந்திருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்கள். தோங்தோங்கின் மேசையும் பின்னால் வந்துவிட்டது. இரண்டாவது வரிசையின் நடுவில் பல் விழுந்த இடம்போல் ஓர் இடைவெளி.

அவள் உட்காரவில்லை. ஆசிரியர் அறைக்குப் போனாள். லுவோ டீச்சர் துணிப்பையில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பான் டீச்சரும் இருந்தாள்.

"அந்தத் தாளைக் கொடுங்க" என்றாள் யின்ஹுவா.

"எந்தத் தாளு?"

"நான் எழுதினது. அதுல ஒண்ணு பொய்."

சொன்னாள். இசையை, காலுறையை, கண் மூடும் ஐந்து நிமிடத்தை. சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் லுவோ டீச்சர். தப்பித்துக்கொள்ள ஒரு வழி அது.

"இல்ல."

"நாலு நாளா அவ தண்ணி குடிக்கல. புட்டியைப் பார்த்தீங்களா?"

"தினமும் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"கொட்டினேன்."

பான் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "தோங்தோங் அம்மா, என்ன பேசறீங்க நீங்க? ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

யின்ஹுவா எத்தனையோ பதில் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "இவங்களுக்கு முதுகு வெச்ச நாற்காலி போட்டீங்க" என்றாள். பிறகு அழுகை வந்துவிட்டது. "நான் மூணாம் வகுப்பு பாதியில நின்னவ, டீச்சர். இப்பத்தான் அதைத் தாண்டினேன். இனிமே வர்றது ஒண்ணும் எனக்குத் தெரியாது. அதைக் கேட்கலாம்னு இருந்தேன். இவங்க நாலு வருஷம் காலேஜ்ல கேட்டிருக்காங்க. எனக்கு இருந்தது அந்த ஸ்டூல் ஒண்ணு."

லுவோ டீச்சரின் முகம் இளகவில்லை. "உங்களுக்குப் படிக்க ஆசைன்னு சொல்லியிருந்தா வேற பேச்சு. அதுக்கு அவ உதடு வெடிக்கணுமா? எனக்கு உங்க மேல கோவமா இருக்கு. இன்னைக்கு அது போகாது." ஆனாலும் துணிப்பையைக் கீழே வைத்தாள். தாளைத் தேடி எடுத்து, பேனாவோடு மேசைமேல் நகர்த்தினாள். "எழுதுங்க. ஒண்ணும் விடாம."

யின்ஹுவா எழுதினாள். எத்தனை மணி, எந்தத் தடுப்பு, எந்தக் கையை முதலில் கொடுக்கவேண்டும், திரும்பும்போது எண்ணிக்கை எதில் இருக்கவேண்டும். கக்கம் என்ற சொல்லுக்கான சீன எழுத்துத் தெரியாமல் நின்றாள். கேட்க வாய் வரவில்லை. லுவோ டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பான் டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள். போகும்போது, "பெற்றோர் குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றாள். தலைமையாசிரியர் லுவோ டீச்சரை இருக்கச் சொன்னதும் மேசை இரண்டாவது வரிசைக்குத் திரும்பிப் போயிற்று. யின்ஹுவா ஒரு முனையைப் பிடித்தாள், லுவோ டீச்சர் மறுமுனையை.

வராந்தாவில் லீலீ பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க போயிட்டா எனக்குச் சொல்வதெழுதல்ல யாரு காட்டுவா?"

"படிச்சிட்டு வாடி."

"அது கஷ்டம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண் பயிற்சியப்போ நீங்க தோங்தோங்கைக் கூட்டிட்டுப் போவீங்கள்ல, அதை லுவோ டீச்சர்கிட்ட சொல்லலாமான்னு நாங்க பேசிக்கிட்டோம்."

யின்ஹுவா திகைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விரல் இடுக்குல எல்லாருந்தான் பார்ப்போம். ஒண்ணாம் வகுப்புலேர்ந்து. ஆனா சொன்னா கண்ணைத் திறந்தது தெரிஞ்சிடும்ல? வகுப்புக்கு மார்க் போயிடும். அதான் சொல்லல."

இரண்டரை வருடம் நாற்பத்தைந்து பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் தோங்தோங்கிடம் மூச்சு விடவில்லை. அவள் ரகசியம் என்று கட்டிக்காத்ததை அந்த வகுப்பே அவளோடு சேர்ந்து காத்திருக்கிறது.

"தோங்தோங்குக்குத் தெரியுமா?"

"ஐயே, அவகிட்ட யாராவது சொல்லுவாங்களா?" என்றுவிட்டு லீலீ ஓடினாள்.

போகும்போது காவலாளியிடம் யின்ஹுவா ஸ்டூலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் சிரித்தான். "இதையா? ஒரு காலு ஆடுதே!"

"எனக்குப் பழக்கம்" என்றாள்.

திங்கட்கிழமை தார்ப்பாயை எடுத்து வண்டியைக் கழுவினாள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்தில் போட்டாள். பத்து மணிக்கு ஒலிபெருக்கி பாடியது. ஒன்று இரண்டு மூன்று நாலு. கையில் கலக்கிய மாவோடு தலையைத் தூக்கிப் பார்த்தாள். வராந்தாவில் இரண்டு தலைகள் போயின, காலுறை கட்டிய வாக்கரோடு. கழிப்பறை வாசலுக்குள் மறைந்தன. யின்ஹுவா எண்ணினாள். அவள் எப்போதும் கடைசி எண்ணிக்கைக்குத்தான் திரும்புவாள். அவர்கள் அதற்கு முந்தைய எண்ணிக்கையிலேயே வெளியே வந்துவிட்டார்கள். அவளைவிட முழுசாக ஒரு நிமிடம் சீக்கிரம். தோங்தோங் எதற்கோ சிரித்தாள்.

சுருக்கென்றது. கரண்டியை மாவில் போட்டு வேகமாகக் கலக்கினாள்.

மாலையில் லுவோ டீச்சர் பிள்ளையை ஒப்படைத்தபோது தலையை மட்டும் அசைத்தாள், சிரிக்கவில்லை. யின்ஹுவாவும் தலையை அசைத்தாள். புட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

வீட்டில் தோங்தோங் கட்டளை போட்டாள். "இன்னைக்குப் பரப்பளவு. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நீளத்தை அளந்து, அகலத்தை அளந்து, ரெண்டையும் பெருக்கணும். வீட்டுல ஏதாவது ஒண்ணை அளந்துட்டு வரச் சொன்னாங்க."

"எதை அளக்கப் போறே?"

பிள்ளை சுற்றிலும் பார்த்தாள். "அதை" என்று ஸ்டூலைக் காட்டினாள்.

அளவுகோலை ஸ்டூலின் விளிம்பில் வைத்தாள். கை நடுங்கியது, கோல் நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. யின்ஹுவாவின் கை தானாகப் போய்க் கோலைப் பிடித்தது.

"விடுங்கம்மா. லுவோ டீச்சர் பிடிக்க மாட்டாங்க."

யின்ஹுவா கையை எடுத்துக்கொண்டாள். முகம் சூடானது. அந்தப் பெயரைக் கேட்டால் இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாலாவது முறை கோல் நின்றது. "நீளம் முப்பது" என்றாள் தோங்தோங், நாக்கைக் கடித்துக்கொண்டே. ஸ்டூலைச் சுற்றி அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தாள். அதற்கும் நேரம் பிடித்தது. "அகலமும் முப்பது."

பென்சிலை எடுத்து முப்பதின் கீழ் முப்பதை எழுதத் தொடங்கினாள். யின்ஹுவாவுக்கு விடை அப்போதே வந்துவிட்டது, முழுசாக, பூஜ்யங்களோடு. உதடுவரை வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, நடுங்கும் பென்சிலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.